எங்கள் வீட்டில் மட்டும் வரும் கோளாறு

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் வேண்டுமென்றே இடித்ததில்லை, பேருந்துக்கு நிற்கிற வரிசையில்கூட. அப்படியிருக்க, என் தம்பி மகள் முன்னால் போன காரை வேண்டுமென்றே இடித்துச் சுவரில் தள்ளினாள் என்று ஒரு திங்கட்கிழமை காலை கடிதம் வந்தது. கார் கணினித் திரைக்குள் ஓடுகிற கார்தான். இடிபட்டவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் கடிதம் நிஜக் கடிதம். அதில் அவள் பெயரோடு எங்கள் வீட்டுப் பெயரும் அச்சாகியிருந்தது.

பந்தயக் குழுவின் நடுவர்கள் எழுதியிருந்ததன் சாரம் இது. அரையிறுதியின் பதினான்காவது சுற்றில், பெரிய வலது வளைவில், முதலில் போன கார் மீது இவள் காரைத் திருப்பியிருக்கிறாள். அவள் அறையில் வைத்த கேமராவில் ஸ்டீயரிங்கைக் கை திருப்புவது தெளிவாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் இந்தப் பருவம் முழுவதும் அவளுக்குத் தடை. தடைக்கான காரணம் எல்லோரும் படிக்கும் இணையப் பலகையில் வெளியிடப்படும்.

"நான் திருப்பல பெரியப்பா. அதுவா திரும்பிச்சு," என்றாள்.

"கை உன் கைதானே?"

"கை என் கைதான். இழுத்தது மோட்டார்."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. பகலில் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கால் மில்லிமீட்டர் பிசகினால் தானாகவே எடுத்து ஓரம் வைத்துவிடுகிறவள். இரண்டு வருடமாக மாலைகளில் பழகி இந்த அரையிறுதி வரைக்கும் வந்திருந்தாள். ஒரு பந்தய அணி அவளைக் கூப்பிட்டுப் பேசியும் இருந்தது. வேண்டுமென்றே இடிப்பவள் என்று பலகையில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எந்த அணி கூப்பிடும்?

அவளுடைய ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்ட் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டியிருக்கும். டைரக்ட் டிரைவ் என்கிறார்கள். திரையில் கார் வளைவில் திரும்பும்போது மோட்டார் எதிர்த்து இழுக்கும், முழு பலத்தில் விட்டால் மணிக்கட்டைத் திருகிவிடும். மோட்டாரிலிருந்து, கீழே அதை இயக்குகிற பெட்டிக்கு இரண்டு ஒயர்கள் போகும். மின்சாரம் கொண்டுபோவது தடித்தது. தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது மெல்லியது. அந்தச் செய்தி தப்பினால் மோட்டார் குருடாகிவிடும் என்று அவள் எனக்கு முன்பே விளக்கியிருக்கிறாள். எனக்கு விளக்கத் தேவையில்லை என்று நானும் சொல்லியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் ஆலையில் மின்பலகைக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான்.

என் சந்தேகம் முதல் நிமிடத்திலேயே ஓர் ஆளிடம் போய் நின்றுவிட்டது. அது என் தங்கை மகன். ஆறடி இரண்டங்குலம், அதனால் வீட்டில் அவனுக்கு நெட்டையன் என்றே பெயர். இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. அவனும் அதே பந்தயத்தில் ஓடுகிறவன். முதலில் போனவனும் எங்கள் பெண்ணும் மோதி விலக, மூன்றாவதாக வந்த நெட்டையன் வென்றான். அதுமட்டுமா? பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை, அவள் கடையிலிருந்து வருவதற்கு முன்னால், அவன் எங்கள் வீட்டுக்கு வந்து மாடி அறையில் அரைமணி நேரம் தனியாக இருந்தான். இறங்கி வந்தவன் தண்ணீர் கேட்டான். என் முகத்தைப் பார்க்காமல் குடித்தான்.

அன்று காலையில்தான் நான் அந்த அறையை ஒழுங்கு செய்திருந்தேன். கேமரா வைக்கப்போகிறார்கள், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கப்போகிறார்கள் என்றதும், ஒயர்கள் குருவிக்கூடு போலக் கிடக்கும் அந்தத் தரையை அப்படியே காட்ட எனக்கு மனமில்லை. பெருக்கினேன், திரைச்சீலையை மாற்றினேன், ஒயர்களைச் சேர்த்துக் கட்டினேன். அவ்வளவு சுத்தமான அறையில் அவன் எதையாவது தொட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சோதனையில் இறங்கினாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். யாரையும் நம்ப முடியாத நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. பலத்தைக் கூட்டி அந்தப் பெரிய வலது வளைவில் திரும்பத் திரும்பப் போனாள். பதினோராவது முறை ஸ்டீயரிங் வெடுக்கென்று ஒரு பக்கம் இழுத்தது, உடனே செத்த பாம்பு மாதிரி துவண்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டால் மறுபடி நன்றாக ஓடியது.

மீட்டரை வைத்து மோட்டாரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்தாள். மூன்றும் ஒரே அளவு. மின்சாரம் வருகிற பக்கத்தையும் பார்த்தாள், சரியாகவே இருந்தது. பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"எதுக்கு கத்தரி?" என்றேன்.

"ஒயரையும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா எல்லாத்தையும் சேத்துப் பாத்துடுவாங்க."

"ஒயர்ல ஒண்ணும் இல்ல. நான் கட்டினது. மோட்டாரையும் பெட்டியையும் மட்டும் எடு."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கத்தரியை மேசையில் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் என் முடிச்சை யாரும் வெட்டுவதில்லை. பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குகிறவன் அல்ல நான். மெழுகு நூலால் சாணுக்கு ஒரு முடிச்சு வீதம், ஒயர்கள் சிப்பாய்கள் போல ஒட்டி நிற்க வேண்டும். ஆலையில் நான் கட்டிய பலகைகளைத் திறந்து காட்டுவதற்கென்றே மேலாளர் விருந்தாளிகளை அழைத்து வருவார்.

செவ்வாய்க்கிழமை மோட்டாரைத் துணியில் சுற்றி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சர்வோ அம்மாவிடம் போனோம். தொழிற்சாலை இயந்திரங்களில் சொன்ன கோணத்தில் நிற்கிற சர்வோ மோட்டார்களைப் பழுது பார்க்கிற அம்மாள். அதனால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். தன்னுடைய ஒயர்களைப் பெட்டியில் மாட்டி, தண்டில் ஓர் இரும்புக் கையைப் பூட்டி, முழு பலத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். மோட்டார் சூடானது. ஆனால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

"மோட்டார் தங்கம். பெட்டியும் சுத்தம். குறை உங்க வீட்டுல இருக்கு," என்றார்.

"எங்க வீட்டுல குறை இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"அதான் இப்ப நான் சொல்லிட்டேன்ல."

துணியை எடுத்து மோட்டாரைச் சுற்றினேன். வழியில் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மோட்டார் சரி என்றால், அவள் கைதான் திருப்பியதோ? முந்தின நாள் வந்த சிவப்பு விளக்கையும் எனக்காகவே அவள் ஏதாவது செய்து வரவழைத்தாளோ? பேருந்தில் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை மறுபடி மாட்டினோம். இந்த முறை நானே ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், திரைக்குள் ஓட்டத் தெரியாது. மூன்று முறை புல்லில் ஏற்றினேன். அவள் சொல்லச் சொல்ல அந்த வலது வளைவுக்குப் போனேன். இருபது நிமிடம் கழித்து என் இரண்டு கைகளையும் மீறி அது இழுத்தது. மணிக்கட்டில் சுரீர் என்றது. அந்த வலியில் எனக்கு ஒரு நிம்மதி. பெண் பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே நிம்மதி போய்க் கோபம் வந்தது. வெளியே ஓடுகிற மோட்டார் எங்கள் வீட்டில் மட்டும் கெடுகிறது என்றால் வீட்டுக்குள் எதையோ எவனோ செய்து வைத்திருக்கிறான்.

அன்று மாலையே தங்கையையும் நெட்டையனையும் வரச் சொன்னேன். தம்பி, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்று மட்டும் சொன்னான். அவன் எப்போதும் அவ்வளவுதான் சொல்வான். தங்கைக்குத் தேநீர் கொடுத்தார்கள். அவள் வாயில் வைப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன், சனிக்கிழமை அரைமணி நேரம் மேலே என்ன வேலை என்று.

நெட்டையனின் காது சிவந்தது.

"மாமா, நான் அந்த அறையில திருடினது உண்மைதான். ஆனா ஒயரத் தொடல. அவ எந்த வளைவுல எப்ப பிரேக் போடுறான்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருப்பா. அதப் பாத்து எழுதிக்கிட்டேன்."

தம்பி மகள் வாயைத் திறந்து அவனைப் பார்த்தாள். "எரும, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே," என்றாள்.

"கேட்டா, இவன் இப்பவே தோத்துட்டான்னு கேலி பண்ணுவ."

அவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. எனக்கு வரவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறவன் பெரியதை மறைக்கத்தான் சின்னதை ஒப்புக்கொள்கிறான் என்று ஆலையில் எத்தனை விசாரணையில் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

"அந்த ஸ்டீயரிங்கக் கெடுத்தவங்க யாரா இருந்தாலும், தப்ப ஒத்துக்கிட்டு அவகிட்ட மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது."

தங்கை தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "நீ யாரைச் சொல்றேன்னு தெரியுது அண்ணே. வாடா," என்று மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் அவன் தலை நிலையில் இடித்தது. எப்போதும் இடிக்கும், எப்போதும் நாங்கள் சிரிப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சர்வோ அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் அழைக்கவில்லை. தம்பி மகள் அழைத்திருக்கிறாள். அறைக்குள் வந்ததும் அவர் எதையும் கழற்றவில்லை. ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு வெள்ளை ஒட்டுப்பட்டையை ஒட்டினார். வண்டி நேராக நிற்கும்போது பட்டை சரியாக மேலே இருக்க வேண்டும். அவளை ஓட்டச் சொன்னார். ஐந்து சுற்று கழித்து நிறுத்தச் சொன்னார். திரையில் சக்கரங்கள் நேராக இருந்தன, பட்டை இரண்டு விரல்கடை வலப்பக்கம் தள்ளி நின்றது.

"பாத்தீங்களா? தண்டு எங்க நிக்குதுன்னு பெட்டிக்கு தப்பா சேதி போகுது. கொஞ்சம் கொஞ்சமா தப்பு சேந்து, ஒரு கட்டத்துல மோட்டார் குழம்பி இழுத்துடுது," என்றார். பிறகு முழங்கால் போட்டு இருக்கையின் அடியில் தலையை விட்டார்.

அடியிலிருந்து குரல் வந்தது. "அடேயப்பா, என்னா அழகு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"தடிச்ச ஒயரையும் மெல்லிச ஒயரையும் ஒண்ணா சேத்து, மிச்சத்த அஞ்சு சுத்து சுருட்டி, சாணுக்கு ஒரு முடிச்சு போட்டு இறுக்கி வெச்சிருக்கு. தடிச்சதுல முழு பலத்துல கரண்ட் ஓடறப்ப, பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற மெல்லிசோட காதுல போய்க் கத்துது. அப்புறம் அது எப்படி ஒழுங்கா சேதி சொல்லும்? வெளக்கு ஒயரு, பம்பு ஒயருன்னா இப்படிக் கட்டலாம், ஒண்ணும் ஆகாது. இதுல இது ரெண்டையும் பிரிச்சுத்தான் போடணும்." தலையை வெளியே எடுத்தார். "யாரு கட்டினது?"

அறையில் தம்பி இருந்தான், தம்பி மனைவி இருந்தாள், தம்பி மகள் இருந்தாள், நான் இருந்தேன். தம்பி ஜன்னலைப் பார்த்தான். அவன் மனைவி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். அந்த முடிச்சு யாருடையது என்று தெரியாத ஆள் அந்த அறையில் சர்வோ அம்மா ஒருவர்தான்.

"நான்தான் கட்டினேன்," என்றாள் தம்பி மகள்.

அவளுக்குச் செருப்பு வார் அறுந்தால்கூட முடிச்சுப் போடத் தெரியாது.

நடுவர்களின் கடிதத்தை நான் பலமுறை படித்திருந்தேன். அதன் மூன்றாவது பத்தி எனக்கு மனப்பாடம். ஓட்டுநர் தன் கருவியில் தானே செய்த மாற்றத்தால் கோளாறு நேர்ந்தால் பொறுப்பு ஓட்டுநருடையது, தடை நிற்கும். பந்தயத்துக்கு முன் ஓட்டுநர் அறியாமல் வேறொருவர் செய்திருந்தால், அந்த வேறொருவர் தன் பெயரிட்டு எழுதித் தர வேண்டும். அதை அவளும் படித்தவள்தான். தெரிந்தேதான் சொன்னாள். முந்தின நாள் நான் நின்று சொன்ன வாசல் தீர்ப்பையும் கேட்டவள். தன் பருவம் போனாலும் போகட்டும், பெரியப்பாவின் தலை குனிய வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். குடும்ப மானம் என்றால் என்னவென்று அவளுக்கு இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"அவ கட்டல. நான் கட்டினேன். சனிக்கிழம காலைல. அவ அப்ப கடையில இருந்தா, அவளுக்குத் தெரியாது. திங்கக்கிழம வெட்டப் போனா, நான்தான் வெட்ட விடல."

சர்வோ அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். கத்தரியை நீட்டினார். என் முடிச்சுகளை நானே வெட்டினேன். பதினேழு முடிச்சு. மெல்லிய ஒயரை ஒரு பக்கச் சுவரோரமாகவும் தடித்ததை மறுபக்கமாகவும் போட்டோம். ஒரு மணி நேரம் முழு பலத்தில் ஓட்டினாள். பட்டை உச்சியை விட்டு அசையவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெறும் சொல்லை நடுவர்கள் ஏற்க மாட்டார்கள், திரும்பக் கட்டினால் கோளாறு திரும்ப வருகிறது என்று படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்றார் சர்வோ அம்மா. அந்த முடிச்சைப் போட அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அதனால் கேமராவுக்கு முன்னால் நானே முழங்காலிட்டு, மெழுகு நூலைப் பல்லால் கடித்து, பதினேழையும் மறுபடி கட்டினேன். ஒன்பதாவது சுற்றில் ஸ்டீயரிங் வெடுக்கென்று இழுத்துத் துவண்டது, சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல முடிச்சுகள். ஒன்றுகூட நெகிழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, என் முழுப் பெயரையும் ஆலையில் வகித்த பதவியையும் எழுதி, நடந்ததை ஒன்று விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். பதவியை எழுத வேண்டாம் என்றாள். எழுதினால்தான் நம்புவார்கள் என்றேன். கட்டத் தெரிந்தவன் கட்டியதால்தான் இது நேர்ந்தது.

அடுத்த புதன்கிழமை தீர்ப்பு பலகையில் ஏறியது. வேண்டுமென்றே இடித்ததாகச் சொன்ன குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஒரு பந்தயத்தின் புள்ளிகள் அவளுக்குக் கிடையாது. தடையும் கிடையாது. கீழே என் கடிதத்தை முழுதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெயர் பலகையில் ஏறத்தான் செய்தது, என் பெயரோடு.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரு வாரமாகப் போகாத தெரு. அவர்கள் தீர்ப்பைப் படித்திருந்தார்கள். தங்கை கதவைத் திறந்து வழிவிட்டாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நெட்டையனிடம் சொன்னேன், உன்மேல் வீண்பழி போட்டேன், தப்பு என்னுடையது என்று.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான், பிறகு சொன்னான். "மாமா, அன்னிக்கு நான் குனிஞ்சு அந்தக் கட்டப் பாத்தேன். ரெண்டு ஒயரையும் சேத்துக் கட்டியிருக்காங்களேன்னு தோணுச்சு. அவிழ்க்கலாம்னு கைய நீட்டினேன். அப்புறம், மாமா கட்டினது, தொட்டா கையை ஒடிச்சுடுவாருன்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, கட்டினதே நீதான்னு என்னைச் சொல்லியிருப்பீங்க."

அது நியாயம்தான். நான் சொல்லியிருப்பேன். தங்கை உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தேநீரும் வந்தது. நான் குடித்துக்கொண்டிருக்கும்போது நெட்டையன் முகத்தை ரொம்பவும் கடுமையாக வைத்துக்கொண்டு என் குரலில் சொன்னான்.

"இருந்தாலும் மாமா, உங்க தீர்ப்பு தீர்ப்புதான். கெடுத்தவங்க யாரா இருந்தாலும் அவகிட்ட மன்னிப்புக் கேக்குற வரைக்கும் வாசல்ல கால் வைக்கக் கூடாது. அவகிட்ட கேட்டாச்சா?"

தங்கை அவன் தோளில் ஒன்று வைத்தாள். நான் குவளையைக் கீழே வைத்தேன். கேட்கவில்லை. நடுவர்களிடம் ஒப்புக்கொண்டேன், சர்வோ அம்மாவின் முன்னால் ஒப்புக்கொண்டேன், ஊர் பார்க்கிற கேமராவின் முன்னால் முழங்காலிட்டேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பேருந்தில் அவளைச் சந்தேகப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பியதையும் சொல்லவில்லை. ஆறு நாளாக எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. செருப்போடு படிக்கு வெளியே நின்று அழைப்புமணியை அழுத்தினேன்.

அவள்தான் வந்து திறந்தாள். "என்ன பெரியப்பா, சாவி தொலைஞ்சு போச்சா?"

"இல்ல. உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். சொல்லிட்டுத்தான் உள்ள வரணும்."

முதலாவது முடிச்சு. இரண்டாவது பேருந்து. முதலாவதைச் சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டாவதைச் சொல்லும்போது அவள் நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்," என்றாள். "அன்னிக்கு ஜன்னல் பக்கம் பாக்குறதுக்கு அங்க என்ன இருந்துச்சு, வழியெல்லாம் வெறும் மதில்சுவர்தான்."

பிறகு கதவிலிருந்து கையை எடுத்து ஓரமாக நகர்ந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன்.